உ. ஆவுடையப்பன்

சிறைக்குள் மனு என்றால் வேறு அர்த்தம். கைதியைப் பார்க்க வெளியிலிருந்து ஆள் வருவதைத்தான் அங்கே மனு என்பார்கள். "ஏலே, உனக்கு மனு வந்திருக்கு" என்று வார்டர் கூப்பிட்டால், அம்மாவோ பெண்டாட்டியோ பிஸ்கட் பையோடு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்று பொருள்.

இது தெரியாமல் ஆவுடையப்பன் மத்திய சிறைக்கு வந்த முதல் வாரமே மானத்தை வாங்கிக்கொண்டார். "ஆவுடையப்பன், மனு!" என்று சத்தம் கேட்டதும் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் தூக்கிக்கொண்டு ஓடினார். பாதி ஆயுளை மனு எழுதியே கழித்தவர், பாவம். அந்தச் சொல் காதில் விழுந்தால் கை தானாகப் பேனாவைத் தேடும். வலைக்கு அந்தப் பக்கம் மனைவி மாரித்தாய் நின்றாள்.

"தாளும் பேனாவும் எதுக்கு? எனக்கு எதும் எழுதித் தாரியளா?" என்று கேட்டாள்.

வார்டர் சிரித்த சிரிப்பு, கைதிகள் துணி நெய்கிற தறிக்கூடம் வரை கேட்டது. அன்றிலிருந்து அந்த பிளாக்கில் அவருக்கு 'மனு அண்ணாச்சி' என்று பேர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பேரை விட இது பொருத்தமாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. இதில் இனிஷியல் தொல்லையும் இல்லை.

உள்ளே வருவதற்கு முன்னால் சங்கரன்கோவில் தாலுகா ஆபீஸ் சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு மடக்கு மேஜை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, தலைக்கு மேலே ஏதோ கட்சியின் பழைய பேனர், இவ்வளவும்தான் அவருடைய அலுவலகம். பனவடலிசத்திரத்திலிருந்தும் ராயகிரியிலிருந்தும் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் பஸ் ஏறி வருகிறவர்கள் அவரிடம்தான் எழுதி வாங்குவார்கள். ஆவுடையப்பன் எழுதிய மனு என்றால் அதிகாரிகள் எழுந்து நின்று படிப்பார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரும் ஆவுடையப்பன்தான்.

அவர் உள்ளே போனதற்குக் காரணம் ஒரு முத்திரை. மகபூப் பீவி என்று ஒரு அம்மாள். புருஷன் செத்து, விதவை பென்ஷனுக்கு அலைந்துகொண்டிருந்தார். பாஸ்புக்கில் மகபூப் பீவி, ரேஷன் கார்டில் மைபூன் பீவி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்பதற்கு 'இருவரும் ஒருவரே' என்று ஒரு சான்று வாங்கவேண்டும். அந்த அம்மாள் நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை. வெளியூரில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு செய்து வந்து, சான்றைத் தானே எழுதி, தானே குத்திக் கொடுத்துவிட்டார்.

ஏழைக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கும் ஆசைதான். ஆனால் முதல் குத்துத்தான் இரக்கத்துக்கு. அடுத்தடுத்த குத்தெல்லாம் காசுக்கு. அதை அவர் யாரிடமும் மறைப்பதில்லை. மறைத்தால் மட்டும் யார் நம்பப்போகிறார்கள்?

மாட்டிக்கொண்ட விதம் இன்னும் கேவலம். அரசாங்க முத்திரையில் 'சங்கரன்கோவில்' என்று இருக்கும். 'கோயில்' என்பதுதான் பழைய வழக்கு, 'கோவில்' என்று எழுதுகிறவனுக்குத் தமிழ் தெரியாது என்பது ஆவுடையப்பனின் கட்சி. அதனால் தன் முத்திரையில் 'சங்கரன்கோயில்' என்று திருத்திச் செய்யச் சொன்னார். கள்ள முத்திரையில் போய் எழுத்துப் பிழை திருத்திய ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே அவராகத்தான் இருக்கும். அந்த ஒற்றை எழுத்தை வைத்தே பிடித்துவிட்டார்கள்.

வழக்குப் பதிவானதும் ராஜபாளையத்தில் ஒரு லாட்ஜில் போய் ஒளிந்துகொண்டார். ஒளியத் தெரியாதவன் ஒளிந்தால் எப்படி இருக்கும்? லாட்ஜ் நோட்டில் சொந்தப் பேரையும் விலாசத்தையும் மணிமணியாக எழுதிவிட்டுத்தான் ஒளிந்தார். பிறகு பயந்துபோய் வேறொரு ஊர்க் கோர்ட்டில் சரணடைந்தார். அங்கே கிளைச் சிறையில் போட்டார்கள். ஜாமீன் கிடைத்தது. ஜாமீனுக்கு நிற்க ஆள் கிடைக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேருக்கு ஜாமீன் பத்திரம் எழுதிக் கொடுத்தவர். அத்தனை பேரும் அந்தச் சமயம் பார்த்து வெளியூர் போயிருந்தார்கள். ஊர்த் திருவிழா ஆடித்தபசு முடிந்து உள்ளே போனவர் வைகாசியில்தான் வெளியே வந்தார். ஒருத்தி கர்ப்பமாகிப் பிள்ளை பெறுகிற காலம், அவர் கொசு அடித்துக் கழித்தார்.

வழக்கு இழுத்து இழுத்து நடந்து, இரண்டு வருஷம் தண்டனை என்று தீர்ப்பானது. இந்தத் தடவை மத்திய சிறை; மனு என்ற பேச்செல்லாம் இங்கேதான், கிளைச் சிறையில் 'ஆள் வந்திருக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள். ஏற்கெனவே விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த காலத்தைத் தண்டனையில் கழித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பிலேயே ஒரு வரி இருந்தது. சட்டத்தில் அதற்கு 'செட் ஆஃப்' என்று பேர். சிறையில் எல்லாருக்கும் அது செட்டாப். தீர்ப்பில் இருந்தால் மட்டும் போதாது, உள்ளே இருந்த நாளைக் கணக்குக் காட்டி மனு போட்டுத்தான் வாங்கவேண்டும்.

"செட்டாப் கெடச்சா வார பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருவேன்" என்று மாரித்தாயிடம் சொன்னார். "கெடைக்கலேன்னா அதுக்கடுத்த தீவாளியும் இங்கனதான்."

மாரித்தாய் கவலையோடு கேட்டாள். "நம்ம வீட்டு செட்டாப் பாக்ஸ சும்மாதான போட்டு வச்சிருக்கோம். அதக் கொண்டாரட்டா?"

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டார். அது டி.வி.க்கு உள்ளது என்று விளக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

உள்ளே அவருக்கு வேலைக்குக் குறைவில்லை. செட்டாப் கழியாதவன், நன்னடத்தைக் கழிவு விட்டுப்போனவன், இரண்டு தண்டனையும் ஒன்றாக ஓடுமா அடுத்தடுத்து ஓடுமா என்று விளங்காதவன், எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். பனவடலிசத்திரம் பக்கத்து இசக்கிராஜா ஆட்டுக் கிடைத் தகராறில் உள்ளே வந்தவன். அவனுக்கு ஒரு பக்கத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. அவன் வெளியே போய், ஒரு ஆட்டை வெட்டி ஊருக்குச் சாப்பாடு போட்டதாகத் தகவல் வந்தது. எழுதிக் கொடுத்தவருக்கு அன்றைக்குச் சாம்பாரும் அரைவேக்காட்டுக் கொண்டைக்கடலையும்.

அவருடைய சொந்த செட்டாப் மனு மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்தது. மற்றவனுக்கு எழுதும்போது விஷயத்தை மட்டும் எழுதத் தெரிந்த மனுஷனுக்குத் தனக்கென்று எழுத உட்கார்ந்ததும் கை நிற்கவில்லை. ஒன்பது பக்கம். அவர் பிறந்த கதையில் ஆரம்பித்து, மகபூப் பீவியின் கண்ணீர் வழியாகப் போய், ஐந்தாம் பக்கத்தில்தான் வழக்கு எண் வரும். பக்க எண் போடவில்லை என்று ஒரு தடவை திரும்பியது. சிறைக் கண்காணிப்பாளரின் சான்றொப்பம் இல்லை என்று ஒரு தடவை. கோரிக்கை இன்னதென்று விளங்கவில்லை என்று ஒரு தடவை. மூன்றாவது காரணம்தான் அவரைக் குத்தியது. தாலுகா ஆபீஸ் வாசலில் இதே வார்த்தையைச் சொல்லித்தான் அவர் மற்ற மனு எழுதுகிறவர்களை மட்டம் தட்டுவார்.

"நம்ம மனுவ நாமளே எழுதப்படாது அண்ணாச்சி" என்றான் பக்கத்துப் பாயில் படுக்கிற அப்துல்லா. கடையநல்லூர்க்காரன், நல்ல பையன், ஏதோ வண்டி விபத்து கேஸ். "டாக்டரு தனக்கே ஊசி போடுவாரா?"

வாரம் ஒரு நாள் சிறைக்கு வந்து இலவசமாக வழக்குப் பார்க்கிற சட்ட உதவி வக்கீல் ஒரு பெண், பேர் அப்ரீன் பானு. சின்ன வயசு, கறாரான பேச்சு. கடைசியில் அவரிடம் போய் நின்றார் ஆவுடையப்பன். அப்ரீன் பானு ஒன்பது பக்கத்தையும் படிக்கவில்லை. மடித்து ஓரமாக வைத்துவிட்டு, ஆவுடையப்பன் முன்பு உள்ளே இருந்த நாள்கணக்கைக் கேட்டு எழுதியதற்குக் கிளைச் சிறையிலிருந்து வந்த பதிலை எடுத்தார்.

"அண்ணாச்சி, ச. ஆவுடையப்பன்னு ஒரு ஆளு அங்கன இருந்ததே இல்லைன்னு எழுதியிருக்காங்க. அந்தக் காலத்துல உள்ள இருந்தது உ. ஆவுடையப்பனாம். யாரு அந்த உ?"

"உ-வா? எங்க வம்சத்துலயே உ கெடையாது, மேடம். எங்க அப்பா பேரு சங்கரலிங்கம்."

ஆவுடையப்பன் சரணடைந்தபோது கொடுத்த மனுவின் நகலை அப்ரீன் பானு எடுத்து மேஜையில் விரித்தார். ஆவுடையப்பனின் முத்து முத்தான கையெழுத்து. இடது ஓரத்தில், பேருக்கு முன்னால் ஒட்டி, அழகாகச் சுழித்து ஒரு பிள்ளையார் சுழி.

எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் 'உ' என்று போடாமல் ஆவுடையப்பனுக்குக் கை ஓடாது. வழக்கமாகத் தாளின் உச்சியில், நடுவில் போடுவார். அன்றைக்குப் பயத்தில் எடுத்த எடுப்பிலேயே பேர் எழுத ஆரம்பித்து, சுழி ஞாபகம் வந்து, இருந்த இடத்தில் செருகிவிட்டார். பார்த்தவர்கள் அதை இனிஷியல் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியுமா? பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

"எங்க வீட்ல 786 போடுவோம்" என்றார் அப்ரீன் பானு. வாயோரத்தில் சிரிப்பு. "நல்லவேள, அத எவனும் அப்பா பேருன்னு நெனைக்க மாட்டான். அது சரி அண்ணாச்சி, ஊருக்கெல்லாம் இனிஷியல் திருத்திக் குடுக்குற ஆளு நீங்க. உங்க அப்பா பேரு மனுவுல எங்கயுமே காணமே. ஏன்?"

ஆவுடையப்பன் நகலை மடித்து அவர் பக்கம் நகர்த்தினார். பதில் ஆவுடையப்பனுக்குத் தெரியும். சங்கரலிங்கம் ஆயுள் முழுக்க ஒரு மில்லில் காவல் வேலை பார்த்தவர். கீழே கிடந்த ஒரு நூல்கண்டைக் கூட வீட்டுக்குக் கொண்டுவராதவர். அந்தப் பேரைக் கள்ள முத்திரை வழக்கின் தாளில் எழுத ஆவுடையப்பனுக்குக் கூச்சமாக இருந்தது; விட்டுவிட்டார். கிளைச் சிறை வாசலில் அப்பா பேரைக் கேட்டபோதும், "எல்லாம் மனுவுலயே இருக்கு சார்" என்று பெரிய இவன் மாதிரி சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்பா எழுந்துபோன இடத்தில் பிள்ளையார் வந்து உட்கார்ந்துகொண்டார்.

ஆக, உ. ஆவுடையப்பனும் ச. ஆவுடையப்பனும் ஒரே ஆள் என்று நிரூபிக்கவேண்டும். எந்தச் சான்றைக் கள்ளத்தனமாகச் செய்து உள்ளே வந்தாரோ, அதே 'இருவரும் ஒருவரே' சான்று. இதைக் கேட்டதும் அப்துல்லா பாயில் புரண்டு சிரித்தான். ஆவுடையப்பனும் சேர்ந்து சிரித்தார், வேறென்ன செய்ய? சான்று வேண்டுமானால் மனுதாரர் நேரில் வரவேண்டும் என்பது விதி. நேரில் போக முடிந்தால் சான்று எதற்கு?

"நம்ம ஊரு சாமியப் பாருவே" என்றார் அப்துல்லாவிடம். "ஒரு பாதி சிவன், ஒரு பாதி பெருமாள். இருவரும் ஒருவரேன்னு எந்தத் தாசில்தாரு கையெழுத்துப் போட்டான்? ஊரு நம்பலையா?"

"அவுகளுக்கு செட்டாப் வேண்டாமே, அண்ணாச்சி" என்றான் அப்துல்லா.

அப்ரீன் பானு ஒரு வழி சொன்னார். ரத்த சம்பந்தமோ குடும்ப சம்பந்தமோ உள்ள ஒருவர், இந்த உ-வும் அந்த ச-வும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால், அதை வைத்துப் புதிதாக மனு தாக்கல் செய்யலாம். கொடுக்கிறவரின் தாள்கள் மட்டும் பிசகில்லாமல் இருக்கவேண்டும். மாரித்தாயின் தாள்களை வாங்கிப் பார்த்தார்கள். ரேஷன் கார்டில் மாரித்தாய், வாக்காளர் அட்டையில் மாரியம்மாள், ஆதாரில் வெறும் மாரி. ஊரார் பேரையெல்லாம் நேராக்கிய மனுஷன் வீட்டுப் பேரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டினவளே மூன்று ஆளாகக் கிடந்தாள்.

மிச்சம் இருந்தது மகள் மாரிசெல்வி ஒருத்திதான். அவளிடம் கேட்பதற்கு இன்னும் ஒரு பொங்கலை உள்ளேயே கழித்துவிடலாம் என்று தோன்றியது ஆவுடையப்பனுக்கு.

மாரிசெல்வி சிவகிரியில் ஒரு அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அந்த வேலைக்குத் தேர்வாகிச் சான்றிதழ் சரிபார்க்கப் போனபோது அப்பா ஜாமீனில் வெளியே இருந்தார். விஷயம் எப்படியோ அங்கே தெரிந்திருந்தது. அவளுடைய தாள்களை மட்டும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "முத்திரையெல்லாம் அசல்தானம்மா?" என்று கேட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் இனிஷியலை 'ஆ' என்பதிலிருந்து 'மா' என்று மாற்ற, அப்பா பேரை எடுத்துவிட்டு அம்மா பேரைப் போட, மனு எழுதப் போனாள்.

போனது எங்கே? அப்பாவின் மேஜைக்கு அடுத்த மேஜை. இசக்கித்துரையின் மேஜை. 'கோவில்' என்று எழுதுகிறவன்!

ஜாமீனில் வந்தவர் வெட்கமில்லாமல் அதே இடத்தில் மேஜையை விரித்து உட்கார்ந்திருந்தார். மகள் தன்னைப் பார்க்காத மாதிரி நிற்பதையும், இசக்கித்துரை குனிந்து குனிந்து எழுதுவதையும் பார்த்தார். பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. எட்டிப் பார்த்தவர் கண்ணில் பிழை பட்டுவிட்டது. "ஏவே, 'முன்னெழுத்தை மாற்றக் கோரி'ன்னு வரணும், க் போடு" என்று சொல்லி, பேனாவை வாங்கித் தானே அந்த ஒற்றையும் போட்டுக் கொடுத்தார். தன் பேரைத் தன் மகளிடமிருந்து நீக்குகிற மனுவைப் பிழையில்லாமல் ஆக்கி அனுப்பிய புண்ணியவான். மாரிசெல்வி தாளை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். தீர்ப்புக்குப் பிறகு அவள் சிறைப்பக்கம் வந்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் மனு என்று கூப்பிட்டால், மாரித்தாயின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாது.

இப்போது அவளைக் கேட்கவேண்டும். அவள் 'ஆமாம், இவர் என் அப்பா' என்று பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போட மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டால்? தீபாவளி உள்ளே போவதைப் பற்றி ஒன்றுமில்லை. அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு எப்படி இருப்பது என்பதுதான் அவருடைய பயம்.

கடைசியில் தாளை எடுத்தார். மகளுக்குக் கடிதம் எழுதி அவருக்குப் பழக்கமில்லை. பழக்கமுள்ளதை எழுதினார்.

'அனுப்புநர்: ச. ஆவுடையப்பன், தண்டனைக் கைதி. பெறுநர்: செல்வி மா. மாரிசெல்வி அவர்கள், இளநிலை உதவியாளர். மதிப்பிற்குரிய அம்மணி, பொருள்: இருவரும் ஒருவரே என உறுதிமொழிப் பத்திரம் அளித்தல், தொடர்பாக. பார்வை: தங்களது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அதில் தங்களது முன்னெழுத்து ஆ. மேற்படி பொருள் குறித்துத் தங்கள் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்...'

யாதெனில் என்று எழுதிய பிறகுதான் கை கொஞ்சம் இலகுவானது. இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அனுப்பிய மறுநிமிஷமே, ஐயோ, பெற்ற பிள்ளையைப் போய் அம்மணி என்று எழுதினோமே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

சில வாரம் பதில் இல்லை. பிறகு ஒரு உறை வந்தது. உள்ளே அவருடைய மனுவே இருந்தது. போச்சு என்று நினைத்தார் ஆவுடையப்பன். திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் சிவப்பு மையில், அலுவலகக் கையெழுத்தில் எழுதியிருந்தது:

'கீழ்க்கண்ட குறைகளுக்காக இம்மனு திருப்பப்படுகிறது. ஒன்று, மனுதாரர் தனக்கும் பெறுநருக்கும் உள்ள உறவைக் குறிப்பிடவில்லை. இரண்டு, அம்மணி என்ற சொல் ஏற்கத்தக்கது அல்ல. மூன்று, மனுதாரர் எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்ற விவரம் மனுவில் எங்கும் இல்லை. சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

மூன்றாவது குறையைப் படித்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்துல்லா பதறிப்போய் எழுந்தான்.

"என்ன அண்ணாச்சி, தள்ளுபடியா?"

"தள்ளுபடி இல்லவே" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ரிட்டர்ன். தள்ளுபடி வேற, ரிட்டர்ன் வேற. தள்ளுபடின்னா கதவச் சாத்தியாச்சி. ரிட்டர்ன்னா சரி பண்ணிக் கொண்டான்னு அர்த்தம்."

சரி பண்ண உட்கார்ந்தார். ஒன்பது பக்கத்தை ஒரே மூச்சில் எழுதியவருக்கு இந்த நாலு வரிக்கு ஒரு வாரம் பிடித்தது. பிள்ளையார் சுழி போடக்கூடாது என்று வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினார்.

'மாரி, அப்பா நல்லாயிருக்கேன். சாப்பாடு பரவாயில்லை. முழங்கால்தான் வலிக்கிறது. நீ அப்பா பேரை எடுத்தது சரிதான், நானும் எங்க அப்பா பேரை வெட்கப்பட்டு எடுத்தவன்தான், அதனால்தான் இவ்வளவு குழப்பம். எனக்கு வீட்டுக்கு வரணும் போல இருக்கு. கையெழுத்துப் போட உனக்கு மனசு இருந்தால் போடு, இல்லாவிட்டாலும் நீ நல்லா இரு.'

இதற்குப் பதில் உறை வரவில்லை. ஒரு சனிக்கிழமை, தறிக்கூடத்தில் இழை அறுந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது வார்டரின் சத்தம் கேட்டது.

"மனு அண்ணாச்சி, மனு!"

மாரித்தாயாக இருக்கும் என்று நிதானமாகத்தான் போனார். வலைக்கு அந்தப் பக்கம் மாரிசெல்வி நின்றாள். கழுத்தில் அலுவலக அடையாள அட்டை. இளைத்திருந்தாள். அவளும் அவரைப் பார்த்து, இளைத்துவிட்டார் என்றுதான் நினைத்திருக்கவேண்டும். சுற்றிலும் மற்ற கைதிகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முழங்காலுக்குத் தைலம் வாங்கிக் குடுத்திருக்கேன், வாசல்ல" என்றாள் மாரிசெல்வி. "செக் பண்ணித் தருவாங்களாம்."

"சரிட்டி" என்றார்.

"தாத்தா பேர ஏன்ப்பா எழுதல?"

"வெட்கமா இருந்துச்சி, மக்கா."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சி" என்றாள் அவள். குனிந்து பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தாள். "இப்பவும் கோவம் போகல. அது வேற. இது வேற."

பத்திரத்தை விரித்து வலையில் ஒட்டிப் பிடித்தாள். கம்ப்யூட்டர் சென்டரில் டைப் அடித்தது. ஆவுடையப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். 'மா. மாரிசெல்வி என்றும் ஆ. மாரிசெல்வி என்றும் அழைக்கப்படும் இருவரும் ஒருவரே. நான் ச. ஆவுடையப்பன் என்பவரின் மகள். உ. ஆவுடையப்பன் என்று பதிவானவரும் என் தகப்பனாரே.' அடியில் நோட்டரி முத்திரை. அதற்குப் பக்கத்தில் கையெழுத்து: ஆ. மாரிசெல்வி.

அந்த 'ஆ'வைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். வரிகள் கலங்கித் தெரிந்தன. துடைத்துக்கொண்டு, தொழில் புத்தி எங்கே போகும், மேலிருந்து ஒரு தடவை சரிபார்த்தார். மேலே பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது.

"ஏட்டி! என்னட்டி இது?"

பத்திரத்தின் இடது ஓரத்தில், 'மா. மாரிசெல்வி ஆகிய நான்' என்ற வரிக்கு முன்னால் ஒட்டி, நீல மையில், அழகாகச் சுழித்து ஒரு 'உ'.

மாரிசெல்வி திருப்பிப் பார்த்தாள். அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால கை தானாப் போயிட்டுப்பா" என்றாள். "நீங்கதான முத முதல்ல சிலேட்டுல கையப் பிடிச்சு எழுத வச்சிய." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆவுடையப்பனுக்கும் தெரியவில்லை. மகள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் கோர்ட்டுக்கு அத்தாட்சி வேறு மாதிரி வேண்டும்.

"இத வக்கீலம்மாட்ட குடுத்திராத. உனக்கும் ஒரு இனிஷியல் கூடிரும். வேற பத்திரம் அடி."

"ஒரு சுழிக்கா திரும்ப எழுதணும்?"

"ஒரு சுழிதாம்ட்டி என் பத்து மாசத்தத் தின்னுருக்கு."

அவள் இப்போது நிஜமாகவே சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். நேரம் முடிந்தது என்று மணி அடித்தார்கள். மாரிசெல்வி பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"அடுத்த சனிக்கிழம புதுசு கொண்டாந்து காட்டுதேன். நீங்க பாத்துச் சரின்னு சொன்ன பெறவுதான் குடுப்பேன். வரட்டாப்பா?"

"வா மக்கா" என்றார்.

தறிக்கூடத்துக்குத் திரும்பி வந்தபோது அப்துல்லா இவர் விட்டுப்போன முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தான். முகத்தைப் பார்த்துவிட்டு ஆவலாக எழுந்தான்.

"மனு என்னாச்சி அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறியில் உட்கார்ந்தார்.

"ரிட்டர்ன்வே" என்றார். "அடுத்த சனிக்கிழம திரும்ப வரும்."